கொற்றியின் பானை மாசாத்தி வீட்டில்

விடக் கூடாது. விட்டால் நேற்றுப்போல வழுக்கிக்கொண்டு மணலில் விழும், பிறகு பசையைச் சுரண்டி, துடைத்து, காயவைத்து, எல்லாம் முதலிலிருந்து. அதனால் நாற்பது நிமிஷம் இந்தச் சில்லைப் பிடித்தபடி பூவாத்தாள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், உட்கார்ந்த மறு நிமிஷமே மூக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. மூக்குக்கு எப்படித்தான் தெரியுமோ, இரண்டு கையும் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்துத்தான் அதற்கு ஆசை வரும். தகரக் கொட்டகைக்குள் வெக்கை, பசையிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் வாடை, எதிரே மணல் நிரப்பிய மரத்தட்டு, அதில் பாதி புதைந்து உட்கார்ந்திருக்கிறது பானை, அடி சிவப்பு, வாய் கருப்பு. மொத்தம் முப்பத்துமூன்று சில்லு. முப்பத்திரண்டு ஒட்டியாயிற்று, கடைசி ஒன்றுதான் இது, தோள் வளைகிற இடம், காகித நாடா அங்கே நிற்காது, மனுஷ விரல்தான் நிற்க வேண்டும். சில்லின் மேல் மூன்றே எழுத்து, சுட்ட பானையில் யாரோ ஆணி முனையால் கீறிய பழைய தமிழ் எழுத்து, கொற்றி. ஒரு பெண்ணின் பெயர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பெண்ணின் பெயர் தன் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிறது என்று நினைத்ததும் பூவாத்தாளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது, இருக்கட்டுமே, பதினொரு வருஷம் முன்னால் இதே சாம்பக்காட்டு மேட்டு அகழ்வாய்வில் மண்கூடை சுமக்க வந்தவள், இப்போது அவள் கை பட்டால்தான் பானை பானையாகிறது. தூணில் மாட்டிய கடிகாரம் மூன்று இருபது. பஸ் நாலேகாலுக்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். ஆறரைக்குப் போனால் வீட்டுக்காரரின் அக்கா துளசிமணி வீட்டில் ஒறம்பரைச் சனம் கூடிவிடும், அத்தனை பேர் நடுவில் எப்படிப் பேசுவது. மேஜை ஓரத்தில், பிரஷ்களுக்கும் பசைப் புட்டிக்கும் பக்கத்தில், மத்தியானம் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தூக்குப்போசி இருந்தது. அதன் வயிற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. க. துளசிமணி.

அதைப் பார்க்காதே, சில்லைப் பார். சில்லைப் பார்த்தால் போசிதான் தெரிகிறது. காலையில் வீட்டுக்காரர் சென்னியப்பன் பல் விளக்கிக்கொண்டே, தண்ணீர் வண்டி வருகிறது என்று சொல்கிற அதே குரலில், "அக்கா நாளைக்கு வெடியால ஓசூர் போறாளாமா. பையன் கார் கொண்டாரான். இனி அங்கியேதான். வீட்ட வாடகைக்கு உட்டாச்சு" என்றார். பூவாத்தாள் "அப்புடீங்களா" என்றாள், தோசையைத் திருப்பினாள், திருப்பின தோசையை மறுபடி திருப்பினாள், அது கருகியது. சென்னியப்பன் கருகலைப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவே மாட்டார், பதினொரு வருஷமாக அக்கா வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிற மனுஷன், போனேன் என்று சொல்வார், என்ன பேசினார்கள் என்று சொல்லமாட்டார், இவளும் கேட்கமாட்டாள், கேட்கத்தான் நாக்கு துடிக்கும். அவர் போனதும் முக்காலியில் ஏறி, பரணில் பித்தளைச் சாமானுக்குப் பின்னால் கிடந்த போசியை எடுத்தாள். தூசி. கழுவினாள். கழுவிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்றாள், கொண்டுபோய்க் கொடுப்பதா, திரும்பப் பரணில் போடுவதா, பஸ்ஸுக்கு நேரமாயிற்று, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே தயிர்ச்சாதத்தை அதில் போட்டு எடுத்து வந்துவிட்டாள். பதினொரு வருஷம் தொடாத போசியில் தயிர்ச்சாதம்! சட்னிக்கிண்ணம் வேறு கொண்டுவர மறந்தாயிற்று.

இதெல்லாம் ஒரு காரணமா என்று யாராவது கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கும். பூவாத்தாள் மகளுக்குக் காது குத்தினபோது துளசிமணி இந்தப் போசி நிறைய வெல்லக் கச்சாயம் எண்ணெயில் சுட்டுக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரருக்கு அக்கா, இவளுக்கு நங்கையா, அந்த ஊரில் கச்சாயம் என்றால் துளசிமணி சுடுவதுதான், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் விரல் அழுந்தும். மறுநாள்தான் பூவாத்தாளுக்குச் சாம்பக்காட்டில் வேலை, முதல் நாள், ஏழரைக்கு நிற்க வேண்டும். பரபரப்பில் போசியைக் கழுவித் துடைத்து, போகிற வழியில் நங்கையா வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு ஓடினாள். வெறும் போசி. ஒரு கைப்பிடி சர்க்கரை, நாலு எலுமிச்சம்பழம், ஒன்றுமில்லாவிட்டால் கொல்லைக் கறிவேப்பிலையில் ஒரு கொத்து, எதையாவது போட்டுத்தானே பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது, எந்த வீட்டில் வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிறார்கள். தெரியாதா என்ன. மறந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது. துளசிமணியின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போது நாலு மாதம். நாலு மாதமாக ஊரில் யார் எந்தக் கையால் தனக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்த பெண் பிள்ளை, கேட்டில் தொங்கிய வெறும் போசியைப் பார்த்தாள். சாயங்காலம் பால்காரர் கையில் போசி திரும்பி வந்தது. "அவிங்க சொல்லச் சொன்னதத்தான் சொல்றனுங்க, எம்மேல கோவிச்சுக்காதீங்க. 'புருசன் போனா வெறும் போசி போதும்னு ஆயிப்போச்சாட்ட இருக்குது, அவளே வெச்சுக்கட்டும்'னாங்க." அப்போதே ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் கூடை சுமந்த முதுகு வலி, முந்தின நாள் இருபத்தெட்டு பேர் சாப்பிட்ட பாத்திரம் விளக்கின அலுப்பு, நான் என்ன வேண்டுமென்றா செய்தேன் என்கிற வீம்பு. ஒரு நாள் ஒரு வாரமானது, வாரம் வருஷமானது. வருஷமான பிறகு எதை வைத்துப் பேச்சை ஆரம்பிப்பது?

"ஏ பூவாத்தா, மூஞ்சிய ஏன் அப்புடிச் சுளிக்கற?" கொட்டகை வாசலில் வாளித் தண்ணீரில் சில்லு கழுவிக்கொண்டிருந்த பாப்பாத்தியக்கா கேட்டாள். அறுபது வயசு, கையில் பல்துலக்கும் பிரஷ், எந்தச் சில்லில் எழுத்து இருக்கிறது என்று அவள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

"மூக்கு அரிக்குதுக்கா."

பாப்பாத்தியக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கிழவிக்குரிய பொறுப்போடு இவள் மூக்கைச் சொறிந்துவிட்டுப் போனாள். அப்பாடா. அந்த ஒரு சுகத்தில் உலகமே நல்லதாகத் தோன்றிவிட்டது பூவாத்தாளுக்கு, கொட்டகைக் கூரையில் குருவி நடக்கிற சத்தம், தூரத்தில் குழிக்குள் மண்வெட்டி, நொய்யல் பக்கமிருந்து ஒரு காற்று, சில்லு அசையவில்லை, பசை மெல்ல இறுகுவது விரலுக்குத் தெரிகிறது. மூன்று முப்பத்தைந்து. கொற்றி, நீ யார் ஆத்தா? உன் பானை எப்படி மாசாத்தி வீட்டில் கிடந்தது? இந்தப் பானை அகப்பட்ட குழியில் கிடைத்த பெயர் கீறிய சில்லு மொத்தம் எட்டு, ஏழில் மாசாத்தி, ஒன்றில் கொற்றி. கிண்ணத்தில் மாசாத்தி, தட்டில் மாசாத்தி, மூடியில்கூட மாசாத்தி, பெரிய கெட்டிக்காரியாக இருந்திருப்பாள், தன் சாமான் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று. அந்த வீடு தீப்பிடித்துக் கூரை விழுந்த வீடு. எலும்பு ஒன்றும் அகப்படவில்லை, எல்லோரும் ஓடிப் பிழைத்துவிட்டார்கள் என்று அகழ்வாய்வு நடத்துகிற யோகநாதன் சார் சொன்ன அன்றைக்கு, தன் சொந்தக்காரர்கள் பிழைத்ததுபோல இவள் பெருமூச்சு விட்டாள். ஓடினவர்கள் சாமானை விட்டுவிட்டு ஓடினார்கள். சார் சொல்வது, கொற்றி பானை வியாபாரத்தில் வந்தது, கொற்றி என்பவள் தானிய வியாபாரியாக இருக்கலாம், பெண்கள் வியாபாரம் செய்ததற்கு இது சான்று, பெரிய விஷயம் அக்கா என்று கண் பளபளக்கச் சொன்னார். இருக்கலாம். பானைக்குள்ளே கரிந்த கொள்ளு இருந்தது, முக்கால் பானை. கொள்ளு வியாபாரி கொற்றி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்கேயோ இடிக்கிறது. சுவரில் ஒட்டியிருந்த குழியின் வரைபடம் அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது, வேறு எதையும் பார்க்க முடியாத கழுத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, இதோ அடுப்பு, இதோ மூலையில் தானியக் குதிர் இரண்டு, அதைச் சுற்றி மாசாத்தியின் பானைகள் கூட்டமாக, எல்லாம் உள்ளே. கொற்றியின் பானை மட்டும் தனியாக, இந்தக் கோடியில், சின்ன வட்டமாக. வாசற்படியை ஒட்டி. ஏன் அங்கே? காலில் இடறாதா? கொள்ளு வாங்கினால் குதிரில் கொட்டுவாள், வாசலிலா வைப்பாள்? வாசலில் எதை வைப்போம்? பூவாத்தாள் தன் வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தாள். செருப்பு. குடை. சென்னியப்பனின் சைக்கிள் பம்ப். அப்புறம், போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டியது எதுவோ அது. மறக்காமல். பானையின் மேல் ஒரு கிண்ணம் கவிழ்த்து மூடியிருந்தது, அந்தக் கிண்ணத்தில் என்ன பெயர்? மாசாத்தி. தன் கிண்ணத்தால் மூடி, கொள்ளு நிரப்பி, வாசலில் எடுத்து வைத்திருக்கிறாள், அடுத்தவள் பானையை! அட, அடி ஆத்தாடி! இரவல் வாங்கின பானை. கொற்றி எதையோ போட்டுக் கொடுத்துவிட்ட பானை, மோரோ, கள்ளோ, பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சியோ, மாசாத்தி அதைக் காலி செய்து, கழுவி, வெறும் பானையைத் திருப்பிக் கொடுப்பதா என்று கொள்ளு நிரப்பி வைத்திருக்கிறாள், சாயங்காலம் கொண்டுபோகலாம் என்று. வியாபாரமுமில்லை ஒன்றுமில்லை. பெயர் எதற்குக் கீறுவது? தன்னுடையது என்று சொல்லத்தான் என்று சார் சொல்வார். தன் வீட்டு அடுக்கிலேயே கிடக்கிற பானையிடம் போய் நீ என்னுடையது என்று யார் எழுதி வைப்பார்கள், பானைக்கு என்ன மறந்தா போகும்? நாலு வீட்டுக்குப் போகிற பானைக்குத்தான் பெயர் வேண்டும். பெயர் கீறினவள் கொடுத்து வாங்குகிறவள். மாசாத்தி ஏழு பாத்திரத்தில் பெயர் கீறினாள் என்றால் ஏழும் ஊர் சுற்றியிருக்கிறது! அந்த மேடு முழுக்க, ராஜா யார், சண்டை எங்கே, ஒன்றும் தெரியாமல் போன அந்த ஊர் முழுக்க, பாத்திரம் வீடு வீடாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறது, நிறைந்து நிறைந்து. பூவாத்தாளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது, தோள் குலுங்கியது, ஐயோ சில்லு, சில்லு, மூச்சைப் பிடித்தாள், கண்ணில் நீர் வந்தது, சில்லு இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது.

"சார்! சாரைக் கூப்புடுங்கக்கா!" என்று கத்தினாள்.

யோகநாதன் சார் மண் படிந்த தொப்பியோடு ஓடி வந்தார், சில்லு உடைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் போல, முகம் வெளுத்திருந்தது. பூவாத்தாள் கையை எடுக்காமலே, முகவாயால் வரைபடத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் தொப்பியைக் கழற்றினார்.

"சரிக்கா, கேட்க நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஆதாரம்?"

"சார், உங்க வீட்டு அலமாரில உங்க பேரு இல்லாத பாத்திரம் ஒண்ணு இருக்குமே. யாரு பேரு?"

அவர் யோசித்தார். காது சிவந்தது. "எம். ஆக்னஸ்னு ஒரு டிபன் கேரியர். பழைய வீட்டுல மாடியில இருந்தாங்க. ஆறு வருஷம் ஆச்சு. எங்கம்மா வாரா வாரம் சொல்லிட்டே இருக்காங்க, கொண்டுபோய்க் குடுடான்னு."

"ஆக்னஸ் அம்மா கேரியர் வியாபாரம் பண்ணுனாங்களா சார்?"

வாசலில் பாப்பாத்தியக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாரும் சிரித்துவிட்டார். வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் அந்தச் சின்ன வட்டத்தையே வெகுநேரம் பார்த்தார், வாசற்படிக்கும் அதற்கும் நடுவில் விரலால் அளந்தார். "இரவல்னு நிச்சயமா எழுத முடியாதுக்கா. ஆனா வியாபாரம்னும் இனிமே நிச்சயமா எழுத முடியாது, கெடுத்துட்டீங்க" என்றார், நோட்டை எடுத்து இவள் சொன்னதை வரி வரியாக எழுதிக்கொண்டார், மேலே இவள் பெயரையும் போட்டார். நிரப்பி வைத்தாளே தவிர மாசாத்தி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் பூவாத்தாளுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது. சாயங்காலம் போகலாம் என்றிருந்தாள், அதற்குள் தீ. இவளுக்குத் தீயுமில்லை ஒன்றுமில்லை, நாலு மைல், பதினொரு வருஷம், நாளைக் காலை கார் வருகிறது.

மூன்று ஐம்பத்தெட்டு. அறுபது வரைக்கும் எண்ணினாள், மறுபடி அறுபது. விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள், கட்டைவிரலைக் கடைசியாக. சில்லு நின்றது. கொற்றியின் பெயர் பானையின் தோளில் சரியாக உட்கார்ந்துகொண்டது. பார்த்து ரசிக்க நேரமில்லை, மரத்துப்போன கையை உதறிக்கொண்டே போசியை எடுத்தாள், "சார், நான் இன்னிக்கு வெள்ளன போறனுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிட்டாள், செருப்பு வலது இடது மாறியிருந்தது, அதை வழியில்தான் மாற்றினாள். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் போசியை நீட்டி, "இது நெறையக் கொள்ளு போடுங்க" என்றாள். கடைக்காரர் போசியையும் அவளையும் பார்த்தார். "ஒறம்பரை வீட்டுக்காட்ட இருக்குதே, சக்கரை போடட்டுங்களா?" "கொள்ளுதானுங்க வேணும்." பஸ்ஸில் ஜன்னலோர இடம், மடியில் போசி கனத்தது. என்ன சொல்வது? நங்கையா, மன்னிச்சுக்குங்க. அது ரொம்பப் பெரிசாக இருக்கிறது. மறந்துட்டனுங்க நங்கையா. அது ரொம்பச் சின்னதாக இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டால்? சாத்தட்டும், கேட்டில் மாட்டிவிட்டு வரலாம், நிறைந்த போசியாக மாட்டிவிட்டு வரலாம், அதுவாவது ஆயிற்று. இல்லை, இல்லை, கேட்டில் மாட்டவே கூடாது, கையில்தான், கையில் வாங்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டும், நாற்பது நிமிஷம் பிடித்த கைதானே இது. தெரு முனை திரும்பியதும் எண்ணெய் காய்கிற வாசம் வந்தது. அவளுக்குத் தெரிந்த வாசம்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடம் முழுக்கச் சாக்கு மூட்டை, கட்டின பாத்திரம், கட்டாத பாத்திரம், அத்தனை வயிற்றிலும் க. துளசிமணி, க. துளசிமணி. நடுவில், நெற்றியில் மாவோடு, துளசிமணி நின்றாள். பதினொரு வருஷமாக இந்தத் தெருவில் கால் வைக்காதவளுக்கு இப்போதுதான் தெரிகிறது, தலை முழுக்க நரைத்துவிட்டது. இதை ஏன் சென்னியப்பன் ஒரு நாளாவது சொல்லவில்லை என்று பூவாத்தாளுக்குக் கோபம் வந்தது. போசியை இரண்டு கையாலும் நீட்டினாள். துளசிமணி இவள் முகத்தைப் பார்க்கவில்லை. போசியின் பெயரைப் பார்த்தாள். வாங்கினாள். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கொள்ளு?"

"ஆமாங்க நங்கையா."

"பதினோரு வருசம் யோசிச்சுக் கொள்ளா கொண்டாந்தே?"

கோபமா என்று தெரியவில்லை, பிறகு உதடு ஒரு பக்கமாகக் கோணியது, அது சிரிப்பு என்று தெரிந்ததும் பூவாத்தாள் அங்கேயே சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே கொற்றி, மாசாத்தி, வாசற்படி என்று தலையும் வாலும் இல்லாமல் சொன்னாள். துளசிமணி பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். "பாவம் அந்தப் புள்ள, கொற்றி. வெறும்பான கூட வரலியேன்னு எத்தன நாள் பேசாம இருந்தாளோ" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள், போசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொள்ளு டின்னில் விழுகிற சத்தம் சரசரவென்று கேட்டது. தண்ணீர் சத்தம். துணியால் துடைக்கிற சத்தம். அடுப்படியில் கரண்டி தட்டுகிற சத்தம். திரும்பி வந்தபோது அவள் கையில் அதே போசி, மூடி சரியாக உட்காரவில்லை, இடுக்கில் கச்சாயத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது, வெல்ல வாசம்.

"இது உங்க போசிங்க நங்கையா. உங்களுக்குத்தான் கொண்டாந்தது."

"என்ற போசிதான். பேரு வெட்டியிருக்குதல்ல?" துளசிமணி அதை இவள் மடியில் வைத்து, சூட்டோடு அழுத்தினாள். "ஓசூர்ல கொண்டாந்து குடு. ஈரோட்டுலிருந்து நேர் பஸ் இருக்குது." வாசல் வரை வந்து, கேட்டைத் திறந்துவிட்டு, விரலை உயர்த்தினாள். "வெறும் போசியக் கொண்டாந்தயோ, உன்ற காலை ஒடச்சுப்போடுவேன்."